வரதன் கேட்ட கேள்வி

1. “தமிழ் ஆக்கள் போன் எடுக்கிறாங்க இல்ல”

“அங்கிள், தமிழ் கோல்ஸை நிப்பாட்டப் போறம். தமிழ் ஆக்கள் போன் எடுக்கிறாங்க இல்ல. எடுத்தாலும் முழுசாக் கேக்கிறாங்க இல்ல. அக்கறை இல்லாத ஆக்களுக்கு என்ன செய்யலாம், சொல்லுங்க?”

நிரோஷன் இதைச் சொன்னபோது நான் ஸ்டூடியோவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு விளம்பர நிறுவனத்தில் தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பானவர். நல்ல பிள்ளைதான். ஆனால் தமிழில் வரும் எழுத்துப் பிரதியை ஒரு பந்திக்கு மேல் வாசிக்கமாட்டார். அப்படிப்பட்டவர் தமிழ் ஆட்களுக்கு அக்கறை இல்லை என்று ஒரே மூச்சில் தீர்ப்புச் சொன்னதும் எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் தேநீர் தளும்பி ஒலிப்பதிவு மிக்சர் பக்கம் ஓடியது.

“எத்தனை நாள் தருவியள்?” என்று கேட்டேன்.

“அடுத்த வியாழன் மீட்டிங். டொக்டர் மிஸ் வாறா. அதோட முடிவு.”

விஷயம் இதுதான். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு இலவச நீரிழிவு கிளினிக். அதை நடத்தும் நிதியம் நோயாளிகளுக்குப் பதிவு செய்த குரலில் தொலைபேசி அழைப்பு அனுப்பத் தொடங்கியிருந்தது. கிளினிக் நாளுக்கு முதல்நாள் போன் அடிக்கும். நாளைக்கு வாருங்கள், வெறும் வயிற்றோடு வாருங்கள், மருந்து எழுதும் கொப்பியைக் கொண்டு வாருங்கள், காலில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவுதான் செய்தி. மூன்று மொழிகளிலும் பதிவு செய்தது என்னுடைய ஸ்டூடியோவில். சிங்கள அழைப்புக் கிடைத்தவர்கள் ஒழுங்காக வந்தார்கள். தமிழ் அழைப்பை முக்கால்வாசிப் பேர் முதல் வசனம் முடியுமுன்பே வெட்டியிருந்தார்கள். கிளினிக்குக்கும் வரவில்லை.

தமிழ் அழைப்பு நின்றால் யாருக்கு நட்டம்? நிரோஷனுக்கு இல்லை, எனக்கும் இல்லை. மட்டக்குளித் தொடர்மாடியில் கால் புண்ணைத் துணியால் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு. அதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

2. குரல் தேடிய இலட்சணம்

இப்போது குரல் தெரிவு செய்யும் வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் நிறையக் கேட்கிறார்கள். எந்த மைக் நல்லது, குரலில் ‘பேஸ்’ எவ்வளவு இருக்க வேண்டும் என்றெல்லாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெட்கக்கேடான பகுதியையும் மறைக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது.

என் ஸ்டூடியோ வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. ஒழுங்கை முடிந்தால் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் தண்டவாளம். எத்தனை அடுக்குப் பஞ்சு வைத்தாலும் ரயில் சத்தம் நிலத்தால் வரும். அதனால் ரயில் நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து, இரண்டு ரயில்களுக்கு இடையில்தான் பதிவு செய்வோம். ரயில் பிந்தினால் நாங்களும் பிந்துவோம்.

இந்த வேலைக்குச் சிங்களக் குரல் தேடிய விதத்தை முதலில் சொல்கிறேன். நிறுவனத்தின் ஆட்கள் கிளினிக்குக்கே போனார்கள். நோயாளிகளோடு உட்கார்ந்து கதைத்தார்கள். அங்கே முன்பு சிங்கள நோயாளிகளுக்குப் போன் எடுத்து ஞாபகப்படுத்திய ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவைக் கண்டுபிடித்தார்கள். அவரைக் காரில் கூட்டிவந்து, இளநீர் வாங்கிக் கொடுத்து, மூன்று நாள் ஆறுதலாகப் பதிவு செய்தோம். அந்த அம்மா வாயைத் திறந்தால் வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிடுவது போல இருந்தது. அருமையான தெரிவு. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் நிரோஷன் என்னிடம் சொன்னது இது:

“சிங்களம் லொக் பண்ணியாச்சு அங்கிள். தமிழுக்கு நீங்களே யாரையாவது போட்டு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தாங்க. நல்ல பிரீமியம் குரலாப் பாருங்க.”

தமிழுக்கு ஒரு அரை நாள். இது புதுமை இல்லை. இந்த ஊரில் விளம்பரம் முதலில் ஆங்கிலத்தில் யோசிக்கப்படும், பிறகு சிங்களத்தில் செதுக்கப்படும், கடைசியில் மிச்சமிருக்கும் நேரத்துக்குள் தமிழ் திணிக்கப்படும். நான் தொழிலுக்கு வந்த காலத்திலிருந்து இதே கதைதான்.

நான் சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. என் போனில் வழக்கமாகக் கூப்பிடுகிற மூன்று பேரின் இலக்கம் இருக்கிறது. முதல் இலக்கத்தை அழுத்தினேன். வரதன் வந்தான்.

வரதனின் முகத்தை யாருக்கும் தெரியாது, குரலைத் தெரியாதவர் இல்லை. போனுக்குக் காசு போடும் ரீலோட், நகைக்கடை, பிஸ்கட், காப்புறுதி, தள்ளுபடி விற்பனை எல்லாவற்றுக்கும் அவன் குரல்தான். தங்கமான பிள்ளை. நேரத்துக்கு வருவான், ஒரு சொல் தடுக்கமாட்டான். அன்றைக்குப் பிரதியை வாசித்துப் பார்த்துவிட்டு ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினான்.

“அண்ணை, நான் இதுக்குச் சரியோ?”

“ஏன் கேக்கிறாய்?”

“இல்லை, வருத்தக்காரருக்கு எடுக்கிற கோல். என்ர குரல் சாமான் விக்கிற குரலெல்லோ.”

நான் சுவரைப் பார்த்தேன். அடுத்த ரயிலுக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது.

“ஓம், ஓம், நல்லா வரும். தொடங்குவம்” என்றேன்.

இரண்டு டேக்கில் முடித்தான். சுத்தமான பதிவு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு, நானே தலையாட்டிக்கொண்டேன்.

3. நம்பர் பதினேழு

நிரோஷன் சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலை நான் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். வேலை தொடங்கி எத்தனையோ மாதம் கழித்து, முதல் தடவையாக. இதை எழுதும்போதே கை கூசுகிறது.

உள்ளே வரிசையாகக் கதிரைகள். ஒரு மூலையில் மேசை, மேசைக்குப் பின்னால் பர்தா அணிந்த ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நம்பர் கூப்பிடுவதும் கொப்பி எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. கொஞ்சம் கரகரத்த குரல். சளி பிடித்தவர் மாதிரி மூக்கால் வரும். ஸ்டூடியோவுக்கு வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

“பதினேழு! பதினேழு ஆரு? உம்மா, நீங்கதான். அவசரமில்ல, மெல்லமா எழும்புங்க, கால் விறைச்சீக்கும். பதினெட்டு! ஐயா, கொப்பியைத் தலைகீழாப் பிடிச்சீக்கீங்க, இங்கால தாங்க.”

அந்த ஐயா சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் எழும்பிப் போய் அவர் மேசைக்கு முன்னால் நின்று, நான் யார் என்பதைச் சொன்னேன். தொலைபேசிச் செய்தியைப் பதிவு செய்தவன் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

“அது நீங்களா சேர்? நல்ல வேலை பார்த்தீங்க.”

அது பாராட்டு இல்லை என்பது எனக்கு உடனே விளங்கியது.

அவர் பெயர் ஃபஸ்லியா. மாளிகாவத்தையில் இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்; அவர் பேச்சில் வாப்பா தகப்பன், நானா அண்ணன், செல்றது என்றால் சொல்வது.

“முந்தி தமிழ் ஆக்களுக்குக் கோல் எடுக்கிறது நான்தான் சேர். நர்ஸ் அம்மா சிங்களத்துக்கு, நான் தமிழுக்கு. ஒவ்வொரு ஆளா எடுத்துச் செல்லுவன். பொறகு கம்பியூட்டர் எடுக்கும், நீ எடுக்க வாணாம் எண்டாங்க. சரி எண்டு நான் உட்டுட்டன். எங்கட வாப்பாவும் இங்கதான் மருந்து எடுக்கிற. மட்டக்குளியில நானாவோட ஈக்கிறார், திரீவீல் ஓட்டுற. அவருக்கும் அந்தக் கோல் போகும்தானே எண்டு நானும் செல்லல்ல. பொறகு பார்த்தா ரெண்டு கிளினிக் வரல்ல. ஏன் வாப்பா எண்டு கேட்டா, ‘எனக்கு ஆரும் கோல் எடுக்கல்ல, அந்த ரீலோட்காரன்தான் எடுக்கிறான், நான் வெட்டி உட்டுட்டன்’ எண்டு செல்றார்.”

“இப்ப எப்பிடி இருக்கிறார்?”

“கால்ல காயம் ஈந்தீக்கி. ஒளிச்சிட்டார். போன மாசம் பெரியாஸ்பத்திரில ஒரு விரலை எடுத்திட்டாங்க.”

இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். அவர் வேலை முடியும்வரை காத்திருந்து, சனிக்கிழமை ஸ்டூடியோவுக்கு வரமுடியுமா என்று கேட்டேன்.

யோசித்துப் பாருங்கள். சிங்களத்துக்குக் குரல் தேடி வந்தவர்கள் நர்ஸ் அம்மாவைக் கண்டுபிடித்தார்கள். அந்த அம்மாவின் பக்கத்துக் கதிரையில் இருந்து தமிழில் அதே வேலையைச் செய்த பெண் யாருடைய கண்ணிலும் படவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். தமிழுக்கு யார் எடுத்தது என்று ஒரே ஒரு கேள்வி. நிரோஷன் கேட்கவில்லை. அந்த நர்ஸ் அம்மாவை மூன்று நாள் எதிரில் வைத்துப் பதிவு செய்த நானும் கேட்கவில்லை. என்னுடைய மொழிக்கு நானே அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை என்றால் நிரோஷனை ஏசி என்ன பயன்? ஆனாலும் ஏசினேன், பஸ்ஸில் திரும்பும் வழி முழுவதும் மனதுக்குள் ஏசிக்கொண்டே வந்தேன்.

4. மைக்குக்கு முன்னால் ஒரு போன்

சனிக்கிழமை ஃபஸ்லியா ஸ்டூடியோவுக்கு வந்தார். பஸ் மாறி வந்த களைப்பு. தண்ணீர் கொடுத்து, கண்ணாடி அறைக்குள் இருத்தி, பிரதியைக் கையில் கொடுத்தேன். ‘அன்பார்ந்த பயனாளியே, தங்களது சிகிச்சைத் தினத்தை இத்தால் நினைவூட்டுகின்றோம்’ என்று தொடங்கும் பிரதி அது. எந்த மனிதப் பிறவி மற்றொரு மனிதப் பிறவியிடம் அப்படிக் கதைக்கும் என்று தெரியவில்லை.

அவர் வாசித்தார். நான் திருத்தினேன். மறுபடி வாசித்தார். மறுபடி திருத்தினேன். மூக்கால் வருகிறது, கொஞ்சம் நிமிர்ந்து இருங்கள். இந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டாம். அந்தச் சொல்லை இப்படிச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் அவர் குரலைச் சப்பித் துப்பிவிட்டேன். கிளினிக்கில் கேட்ட குரல் போய், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் வரவேற்புரை வாசிக்கும் பிள்ளையின் குரல் வந்துவிட்டது.

கடைசியில் அவரே பிரதியை மடித்து மடியில் வைத்தார்.

“சேர், இது நான் இல்ல. இப்பிடிக் கதைச்சா என்ட வாப்பா என்ட கோலையும் வெட்டுவார்.”

எனக்குச் சுருக்கென்றது. “பின்ன எப்பிடிச் செய்வம்?”

“மத்தப் பக்கம் ஆள் இல்லாம எனக்குக் கதைக்க ஏலா. சும்மா சுவரைப் பார்த்து என்னத்தைச் செல்ல?”

“அப்ப ஆளுக்குக் கோல் எடுங்கோ. உங்கட போனிலேயே எடுங்கோ. வாப்பாவுக்கு எடுங்கோ. கிளினிக்கில இருந்து எடுத்த மாதிரிக் கதையுங்கோ, அவ்வளவுதான். உங்கட பக்கத்தை மட்டும் நான் பதிவு செய்யிறன்.”

அவர் வாப்பாவுக்கு எடுத்து முதலில் விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் சம்மதித்தார். எதற்கும் வாப்பா என்று மட்டும் கூப்பிட்டுவிட வேண்டாம், எல்லாருக்கும் போகிற கோல் என்று சொல்லிவைத்தேன். பிறகு சுவரில் நேரத்தைப் பார்த்துவிட்டுப் பதிவை ஓடவிட்டேன்.

“நான் ஃபஸ்லியா கதைக்கிறன், கிளினிக்கில இருந்து.” கொஞ்சம் நிறுத்தினார். மறுபக்கத்தில் வாப்பா ஏதோ சொன்னார். “நாளைக்குக் கிளினிக் நாள். மறக்க வாணாம்.” மறுபடி ஒரு இடைவெளி. “காலைல ஒண்டும் சாப்பிட வாணாம், தண்ணி மட்டும் குடிச்சிட்டு வாங்க. கொப்பியைக் கொண்டு வாங்க.” இடைவெளி. “பொறகு, காலைக் கொஞ்சம் பாருங்க. விரலுக்கு இடையிலயும் பாருங்க. சின்னக் காயம் எண்டாலும் டொக்டருக்குக் காட்டுங்க. ஒளிக்க வாணாம்.”

கடைசிச் சொல்லில் அவர் குரல் கம்மிவிட்டது. அந்த நேரம் பார்த்து, பிந்தி ஓடிய ஒரு ரயில் தூரத்தில் ஹோர்ன் அடித்தது. வேறு நாளென்றால் அந்த டேக்கைத் தூக்கி எறிந்திருப்பேன். அன்று எறியவில்லை. மறுபக்கம் வாப்பா பதில் சொன்ன அந்த இடைவெளிகளையும் வெட்டவில்லை. அவற்றை வெட்டினால் அது மறுபடி விளம்பரமாகிவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

5. கண்ணாடி மேசை

வியாழக்கிழமை மீட்டிங். நீளமான கண்ணாடி மேசையின் ஒரு பக்கம் நிரோஷன், மறுபக்கம் நான், தலைப்பக்கத்தில் கிளினிக் நிதியத்தின் டொக்டர் மிஸ். அவருக்குத் தமிழ் தெரியாது. பதிவைப் போட்டேன். நிரோஷன் முடியும்வரை காத்திருக்கவில்லை.

“அங்கிள், இது புரொபெஷனல் இல்ல. மூச்சுக் கேக்குது. இடையில சும்மா இருக்கிறா. பின்னால ட்ரெயின் வேற. அதோட இது முஸ்லிம் தமிழ். பேரையும் சொல்றா. யாழ்ப்பாண ஆக்கள் இதை எப்பிடி எடுப்பாங்க? நியூட்ரலா ஒரு தமிழ் வேணும்.”

பொறுத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த இடத்தில் அவிழ்ந்துவிட்டது.

“தம்பி, யாழ்ப்பாண ஆக்களுக்காக நீங்கள் கவலைப்பட வேண்டாம். யாழ்ப்பாணத்தான் உங்களுக்கு முன்னால இருக்கிறன். நியூட்ரல் தமிழ் எண்டு ஆரப்பா வீட்டில கதைக்கிறது? நீங்கள் கேட்ட நியூட்ரல் தமிழை வரதன் வடிவாக் கதைச்சுத் தந்தவன். கேட்ட சனம் வெட்டிப்போட்டுது. வெட்டின சனத்துக்கு அக்கறை இல்லையெண்டு நீங்கள் சொன்னியள். அவையளுக்கு ஒரு நாளாவது ஒருத்தர் சரியாக் கதைச்சவரோ?”

என் சத்தம் கதவுக்கு வெளியே கேட்டிருக்க வேண்டும். தேநீர் கொண்டுவந்த செல்வியக்கா தட்டோடு வாசலில் நின்றுவிட்டார். மட்டக்குளியில் இருந்து வருகிறவர், அந்த அலுவலகத்தில் பல வருடமாகத் துப்புரவும் தேநீரும் அவர் கையில்தான். அவரைக் கண்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. உங்கள் போனுக்கு இரண்டு கோல் எடுக்கலாமா என்று கேட்டேன். “எடுங்க சார்” என்றார்.

முதலில் வரதனின் பதிவை அனுப்பினேன். போன் அடித்தது, எடுத்துக் காதில் வைத்தார். “வணக்கம்” வந்த கையோடு வெட்டிவிட்டார்.

“ஏன் வெட்டினீங்க?” என்று நிரோஷன் கேட்டார்.

“விளம்பரம்ங்க தம்பி. இவரு தெனமும் எடுப்பாரு.”

அடுத்து ஃபஸ்லியாவின் பதிவு. செல்வியக்கா கேட்டார். முதல் இடைவெளி வந்ததும், “சொல்லும்மா” என்றார். இரண்டாவதில், “நாளைக்கா?” என்றார். முடிந்ததும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நம்பர் மாறி எடுத்திட்டுது போல சார். எனக்குச் சீனி வியாதி இல்லீங்களே. பாவம், அந்தப் புள்ள வேற ஆருக்கோ சொல்லணும்னு எடுத்திருக்கு. திருப்பி எடுத்துச் சொல்லிடுவமா?”

நான் நடந்ததைச் சிங்களத்தில் டொக்டர் மிஸ்ஸுக்குச் சொன்னேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவர் செல்வியக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “ஏக்க தாமு” என்றார். அதையே போடுவோம் என்று அர்த்தம். நிரோஷன் தன் கொப்பியில் ஏதோ எழுதினார்.

தமிழ் அழைப்பு நிற்கவில்லை. அடுத்த கிளினிக் நாளில் கதிரை போதாமல் வெளியே இருந்து ஆட்கள் உட்கார நீள வாங்குகள் கொண்டுவந்து போட்டார்கள்.

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். சில மாதம் கழித்து அந்த நிறுவனம் இந்த வேலையைப் பற்றி ஒரு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டியது. ‘சமூகத்தின் உண்மையான குரலை அடையாளம் கண்ட எமது அணுகுமுறை’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. நிரோஷனின் படம் இருந்தது. ஃபஸ்லியாவின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. நான் எழும்பி நின்று கேட்டேன். “டைம் இல்ல அங்கிள், பொறகு கதைப்பம்” என்றார்கள். பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. அந்தப் பெயரை வெட்ட முடியாத ஒரே இடம் அந்தப் பதிவுதான். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் எத்தனையோ வீடுகளில் போன் அடித்ததும் முதலில் வருவது ஃபஸ்லியா என்ற பெயர்.

வரதனுக்கு நானே போன் எடுத்து, அவன் குரலை மாற்றிவிட்டதைச் சொன்னேன். “அண்ணை, நான் அண்டைக்கே கேட்டனானே” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிள்ளைகளே, குரல் தேடுகிறபோது முதலில் மைக்கைப் பார்க்காதீர்கள். இதே செய்தியை இதற்கு முன் யார் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று போய்க் கேளுங்கள். யாரும் சொல்லியிருக்கவில்லை என்றால் அதைக் கேட்கப்போகிறவர் முன்னால் போய் உட்காருங்கள். மைக்கின் முன்னால் நிற்கும் கலைஞர் ‘நான் இதுக்குச் சரியோ’ என்று கேட்டால் அந்த இடத்திலேயே பதிவை நிறுத்துங்கள். அவர் தன்னடக்கத்துக்காகக் கேட்கவில்லை. அரை நாள்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் சண்டை பிடியுங்கள். நான் அன்றைக்குப் பிடிக்காத சண்டைக்கு வேறொருவர் விலை கொடுத்தார்.

அவரைப் பிறகு ஒருநாள் கிளினிக் வாசலில் கண்டேன். திரீவீலை நிறுத்திவிட்டு ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்தார். ஃபஸ்லியாதான் அவருக்கு என்னைக் காட்டினார். அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதானா அந்த ரீலோட்காரனைப் போட்டது?”

“ஓம். நான்தான்.”

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

“என்ட புள்ள இங்கதானே இருந்தா” என்றார். “ஒரு வார்த்தை கேட்டீக்கலாமே.”